ஐந்தாவது இடத்தில் ஒரு பூச்சியம்

முதலில் இந்த ரெண்டு சொல்லையும் பாருங்க.

சீகிரியா
சீகிாியா

உங்க போன்ல ரெண்டும் ஒண்ணு போலவே தெரியலாம். இல்லாட்டி ரெண்டாவதில் நடுவில் ஒரு புள்ளி வட்டம் முளைச்சு நிக்கலாம். எனக்கு முதல் தடவை பார்த்தப்போ ஒரு வித்தியாசமும் தெரியல. சீகிரியாக் கிராமத்தில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் நைட் ட்யூட்டி பார்க்கிறேன். வர்ற தமிழ் ஆட்களுக்காக யாரோ ஒரு காலத்தில் டைப் பண்ணி வச்ச ஒரு ஃபைல் அந்தக் கம்பியூட்டரில் இருந்தது. குன்று எத்தனை மணிக்குத் திறக்கும், தண்ணி எங்க குடிக்கலாம், குளவி வந்தா என்ன செய்யணும், அந்த மாதிரி. அதில் சீகிரியா என்ற சொல்லைத் தேடினேன். ஒண்ணுமே இல்லைன்னு சொன்னது. கண்ணுக்கு முன்னால ஆறு இடத்தில் இருக்கு, மெஷின் இல்லைன்னுது.

இந்த விசயத்தை எனக்கு விளங்க வச்சது ஒரு வயசான டென்மார்க்காரர். முழங்கால் வலியால குன்று ஏறப் போகாம, பொண்டாட்டியை மட்டும் அனுப்பிட்டு, ரிசப்ஷன் பக்கத்துக் கதிரையில் ரெண்டு நாள் உட்கார்ந்திருந்தார். வேலை செய்த காலம் முழுக்க காப்புறுதிக் கணக்குகளை ஏ.பி.எல். என்ற மொழியில் எழுதினவராம். நான் பைத்தானில் ஏதோ தட்டிக்கிட்டு இருந்ததைப் பார்த்துட்டு, "இவ்வளவு வரி எதுக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்.

ஏ.பி.எல். பழைய மொழி. கனடாவில் பிறந்த கென்னத் ஐவர்சன் 1962 இல் எழுதிய புத்தகத்தில் இருந்து வந்தது. புத்தகத்தின் பெயரே 'ஒரு நிரல்மொழி' என்பதுதான், அதோட முதல் எழுத்துகள்தான் மொழிக்கும் பெயர். அவர் ஆரம்பத்தில் அதைக் கம்பியூட்டருக்காக எழுதவே இல்ல. கணக்கைச் சுருக்கமா, குழப்பமில்லாம எழுத ஒரு குறிமுறை வேணும்னு நினைச்சார். பிறகு ஐ.பி.எம். காரர்கள் 1966 இல் அதை மெஷினில் ஓட வச்சார்கள். 1979 இல் அவருக்கு ட்யூரிங் விருது கிடைத்தது. கிரேக்க எழுத்து, அம்பு, வட்டம், கோடு எல்லாம் சேர்ந்து பார்க்க ஏதோ குகைச் சுவரில் கீறினது போல இருக்கும். டயாலாக் என்று ஒரு கம்பனியின் ஏ.பி.எல். தான் இப்போ அதிகம் பாவிக்கிறாங்க. நம்ம சிம் கார்டு கம்பனி இல்ல, அது வேற. சொந்தப் பாவனைக்குக் காசு இல்லாம இறக்கலாம். அதுவும் வேணாம்னா பிரவுசரிலேயே ஓட்டிப் பார்க்க ஒரு பக்கம் இருக்கு.

அந்த மொழியில் எல்லாமே வரிசைதான். அணி என்று பாடப் புத்தகத்தில் படிச்சிருப்பீங்க. இலக்கங்களின் வரிசை மாதிரியே எழுத்துகளின் வரிசை. 'சொல்' என்று தனியா ஒரு வகை இல்ல. ஒரு பெயர் என்றால் பெட்டி பெட்டியா பக்கத்தில் பக்கத்தில் வச்ச எழுத்துகள், அவ்வளவுதான். 'சீகிரியா' எத்தனை எழுத்துன்னு அதுகிட்ட கேட்டேன். எட்டு என்றது. நாலு எழுத்துத்தானே? சீ, கி, ரி, யா. ஆனா யூனிகோட்டில் ச ஒரு பெட்டி, ஈகாரக் கொம்பு இன்னொரு பெட்டி. க ஒண்ணு, அதன் கொம்பு ஒண்ணு. அப்படிப் போனா எட்டு.

பிறகு அவர் செய்தது எனக்கு இன்னும் மறக்கல. என்னுடைய ரெண்டு சீகிரியாவையும் எடுத்து நடுவில் வெறும் சமன் குறி போட்டார். வேற மொழியில் இதுக்கு ஆமா, இல்லை என்று ஒரு பதில்தான் வரும். ஏ.பி.எல். இல் பெட்டிக்குப் பெட்டி ஒப்பிட்டு எட்டுப் பதில் வந்தது.

1 1 1 1 0 1 1 1

ஐந்தாவது இடத்தில் ஒரு பூச்சியம். ர இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கால், 'ா', இருந்தது. அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனா பிழை எங்க இருக்குன்னு எனக்கு முன்னாலயே காட்டிட்டார்.

ஏன் அப்படி ஆனதுன்னு அவருக்கு விளங்கல, எனக்கு விளங்கியது. பாமினி!

இலங்கையில் தமிழ் டைப் பண்ணின யாருக்கும் பாமினி எழுத்துருவைத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போட்ட சட்டை தமிழ். 'தமிழ்' என்று திரையில் தெரியும், மெஷினுக்கு அது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் திறந்தா கல்யாணக் கார்டு முழுக்க ஆங்கில மந்திரம் மாதிரி இருக்கும். பாமினியில் ர-வுக்குத் தனிக் கட்டை உண்டு, யூ. ஆனா ரி, ர் என்று எழுதும்போது அந்த ர-வின் கீழ்க்கால் இல்லாமத்தானே நாம எழுதுறோம்? அதனால டைப் பண்ணுற அக்காமார் பலபேர் யூ-வைத் தொடாம, அழகுக்காக எச் கட்டையைத் தட்டிட்டுப் போவாங்க. எச் என்றால் கால். கடதாசியில் அச்சடிச்சா ரொம்ப வடிவா இருக்கும். அதே ஃபைலை யூனிகோட்டுக்கு மாத்தும்போது, மாத்தி கவனமா எழுதப்படலைன்னா கால் காலாகவே வந்து நிக்கும். அதனாலதான் இணையம் முழுக்க 'சீகிாியா', 'ஆசிாியா்', 'காா்த்திக்'. சுரதாவின் மாற்றி மாதிரி நல்ல மாற்றிகள் வந்த பிறகு கொஞ்சம் குறைஞ்சது, ஆனா பழைய ஃபைல்கள் அப்படியேதான் கிடக்குது.

இதைத் திருத்துறது லேசு. தமிழில் காலுக்குப் பிறகு கொம்போ புள்ளியோ ஒருபோதும் வராது. 'ாி' கண்டால் 'ரி', 'ா்' கண்டால் 'ர்'. கண்ணை மூடிக்கிட்டு மாத்தலாம். டயாலாக்கில் மாத்துறதுக்கு என்றே ஒரு கருவி 2011 இல் சேர்த்தாங்க. ஒரு காலிச் சதுரம், அதுக்குப் பக்கத்தில் ஆர். அந்தச் சதுரத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. எழுத்துரு இல்லாட்டி நமக்குத் தெரியுமே, பெட்டி பெட்டியா, அதே பெட்டி! எங்களுக்கு அது தமிழ் செத்துப் போன அடையாளம். இவங்களுக்கு அது கட்டளை.

கெஸ்ட் ஹவுஸ் ஃபைலைத் திருத்த ஒரு நிமிசம்கூட ஆகல. அங்கேயே நிறுத்தியிருந்தா இந்தக் கட்டுரை இல்ல.

எங்க தாத்தா மாத்தளைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் மரண உதவிச் சங்கத்துக்கு முப்பது வருசத்துக்கு மேல கணக்கப்பிள்ளையா இருந்தார். சம்பளம் இல்லாத வேலை. ஒவ்வொரு குடும்பமும் மாசம் இவ்வளவுன்னு கொடுக்கும், யாராவது செத்தா பெட்டிக்கும் கொட்டுக்கும் தேத்தண்ணிக்கும் அதிலிருந்து போகும். அதுக்கு ஒரு கொப்பி. பேர், எந்த லயம், பக்கத்தில் ஒரு குறிப்பு. 2004 இல் கொப்பி கிழியத் தொடங்கினதும், மாத்தளை டவுனில் ஒரு கடையில் காசு கொடுத்து முழுசா டைப் பண்ண வச்சார். பாமினியில்தான், வேற என்ன. அவர் போன பிறகு மாமா மகள் போனில் கொஞ்சப் பேரைச் சேர்த்துக்கிட்டு வந்தாள். போன வருசம் தோட்டத்துப் பொடியன்கள் எல்லாரும் சேர்ந்து, எந்தக் குடும்பம் எந்த லயத்தில் இருந்துச்சுன்னு ஒரு பட்டியல் செய்வோம், கிழடுகள் எல்லாம் போயிட்டா யாருக்கும் தெரியாமப் போயிரும் என்று பேசினப்போ, நான்தான் முந்திக்கிட்டு "குடுங்க, ஒரு ராத்திரில முடிச்சுத் தாறேன்"னேன். புது மொழி கத்துக்கிட்டவனுக்கு வர்ற கொழுப்பு.

பாமினியை மாத்துறது 'ாி'யைத் திருத்துறது மாதிரி லேசு இல்ல. கட்டைக்கு ஒரு எழுத்துன்னு நேரா மாத்த முடியாது. பாமினி கண்ணுக்குத் தெரியுற வரிசையில் எழுதும், யூனிகோட் வாயில் வர்ற வரிசையில் எழுதும். 'பொ' என்றால் பாமினியில் முதலில் கொம்பு, பிறகு ப, பிறகு கால். என், ஜி, எச். யூனிகோட்டில் ப முதலில். ஒவ்வொண்ணா மாத்தினா கொம்பு தலைகீழா முன்னால வந்து நிக்கும். அதனால மூணு கட்டைக் கூட்டங்களை முதலில் தேடணும், பிறகு ரெண்டு, கடைசியில் ஒண்ணு. அந்தச் சதுர ஆர் இதுக்கு நல்லது. தேட வேண்டியது ஒரு வரிசை, பதிலுக்குப் போட வேண்டியது ஒரு வரிசை, ரெண்டையும் ஒரேயடியாக் கொடுக்கலாம். இடமிருந்து வலமா ஒரே தடவைதான் நடக்கும், ஒரு இடத்தில் ரெண்டு பொருந்தினா பட்டியலில் முந்தி இருப்பது ஜெயிக்கும், ஒருமுறை மாத்தினதைத் திரும்பத் தொடாது. ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு மாத்துற முறையில் 'அ'வை 'ஆ'வாக்கி, பிறகு 'ஆ'வை 'அ'வாக்கினா எல்லாமே 'அ'வாகிப் போகும். இதில் ரெண்டும் இடம் மாறும்.

தேடுறதுக்கு மட்டும் தனியா ஒரு குறி இருக்கு, ⍷. 'கி' எங்கன்னு சீகிரியாவில் கேட்டா 0 0 1 0 0 0 0 0 என்று வரும். எந்தப் பெட்டியில் தொடங்குதோ அங்க ஒண்ணு. 'ஹஹஹ' என்ற சிரிப்பில் 'ஹஹ'வைத் தேடினா 1 1 0, நடு ஹ-வை ரெண்டு பக்கமும் கணக்கெடுக்கும். மாத்தும்போது அப்படி முடியாது, ஒரு ஹ-வை ரெண்டு தடவை அழிக்க ஏலாதே. தேடுறதும் மாத்துறதும் ஒரே வேலை இல்லைன்னு எனக்குப் பட்டது அங்கதான்.

நான் மூணு கட்டைக் கூட்டங்களை எழுதச் சோம்பல் பட்டேன். என்-ஜி வந்தா 'பெ', பிறகு வர்ற எச் தானாகக் கால் ஆகட்டும், பெ-யும் காலும் சேர்ந்தா பொ தானே என்று விட்டேன். திரையில் பொ என்றுதான் தெரிஞ்சது. ரொம்பச் சந்தோசம்.

பிறகு ஒரே பேர் ரெண்டு தடவை இருந்தா ஒண்ணை எடுக்கணும். ஏ.பி.எல். இல் அதுக்கு ஒரே குறி, ∪. கணக்குப் பாடத்தில் ஒன்றிப்பு. போட்டேன். கொஞ்சம் குறைஞ்சது. ஆனா பட்டியலில் பொன்னம்மா ரெண்டு இருந்தது. முழுக்க முழுக்க ஒரே மாதிரி. ரெண்டையும் எண்ணச் சொன்னேன். ஒண்ணுக்கு 10, மத்ததுக்கு 9. டைப் கடைப் பொன்னம்மாவில் பொ என்பது ப, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூணு பெட்டி. மாமா மகள் போனில் தட்டின பொன்னம்மாவில் ப, ஒகரக் குறி என்று ரெண்டே பெட்டி. கண்ணுக்கு ஒண்ணு, பெட்டிக்கணக்கில் வேற வேற. ரெண்டும் சமம்னு யூனிகோட் விதியிலேயே இருக்கு, ஆனா அந்த விதியை நாம ஓட்டினாத்தான் ஓடும். பெட்டிக்குப் பெட்டி பார்க்கிற சமன் குறிக்கு அதெல்லாம் தெரியாது.

(தமிழ்நாட்டு அரசு 2010 இல் ஏற்றுக்கொண்ட டேஸ்-16 முறையில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம், அதில் சீகிரியா நாலே எழுத்து. ஆனா நம்ம போன் எதிலும் அது இல்ல. பைத்தான் ஆட்களுக்கு முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் நூலகம் எழுத்து எழுத்தாகப் பிரிச்சுக் கொடுக்கும். ஏ.பி.எல். இல் நானே செய்தேன்: கொம்பு, கால், புள்ளி இல்லாத பெட்டிக்கெல்லாம் ஒண்ணு போடு, அந்த ஒண்ணுகளில் வெட்டு. சீகிரியாவுக்கு 1 0 1 0 1 0 1 0. நாலு துண்டு. இதைச் செய்யாம முன்னெழுத்து எடுத்தா குமாருக்கு 'கு.' வராது, 'க.' தான் வரும்.)

சரி, 'ெ' அடுத்து 'ா' வந்தா 'ொ' என்று மாத்தினேன். திரும்ப ∪. இப்போ ஒரே பொன்னம்மா. நல்லா நித்திரை கொண்டிருக்க வேண்டிய நேரம், விடியக்காலை மூணு மணி. எனக்குக் கை அடங்கல. பட்டியல் பூரா 'கரு', 'கரு' என்று இருந்தது. கருப்பாயி, கருப்பண்ணன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கறுப்பு என்று வல்லின று போட்டுத்தான் எழுதச் சொல்லித் தந்தாங்க, கொப்பியில் சிவப்புக் கோடு வாங்கினது ஞாபகம் இருக்கு. டைப் பண்ணின ஆளின் பிழை என்று நினைச்சு, 'கரு' வந்தா 'கறு' என்று ஒரு வரி. கண் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சது. அதே கையோட 'லெட்சுமி' எல்லாம் 'லட்சுமி'. அந்த மொழியில் மாத்தினா புது வரிசைதான் பிறக்கும், பழசு அப்படியே இருக்கும். ஆனா நான் புதுசுக்கும் பழைய பேரையே வச்சேன். அதோட பழசு போச்சு.

போயா லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போனேன். அப்பாயிக்குக் கண் மங்கல், நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒவ்வொரு பேருக்கும் ஒரு கதை வரும் என்று எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் வாசிக்க ஒண்ணரை மணித்தியாலம்.

"பொன்னம்மா."

"எந்தப் பொன்னம்மா?"

"ஒரு பொன்னம்மாதான் அப்பாயி இருக்கு."

"யார்டா சொன்னது? அஞ்சாம் லயத்துப் பொன்னம்மா ஒண்ணு. மேட்டு லயத்துப் பொன்னம்மா ஒண்ணு. மேட்டு லயத்தா கப்பல் ஏறிப் போயிட்டா. இவ இங்கயே செத்தா, ஒங்க தாத்தாதான் சங்கத்துக் காச எடுத்துட்டு ஓடுனாரு. ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிட்டியா நீ?"

ஒண்ணாக்கிட்டேன். லயம், குறிப்பு ரெண்டு நிரலையும் தூக்கிப் போட்டுட்டு பேர் நிரலை மட்டும் வச்சு ∪ போட்டது நான். ஒரு கொம்பும் காலும் தற்செயலா அந்த ரெண்டு பொம்பளைகளையும் பிரிச்சு வச்சிருந்தது. அதையும் பார்த்துப் பார்த்துத் திருத்தினேன்.

பிறகு 'கறுணாகரன்' என்று வாசிச்சேன். நானே நின்னுட்டேன். அடுத்தது 'கறுமாரி'. கரு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் கறு. அப்பாயிக்குக் கேட்கிறதில் வித்தியாசம் தெரியல, பக்கத்தில் இருந்த அப்பாதான் கடதாசியை வாங்கிப் பார்த்தார். தாத்தாவின் பேரிலும் அந்த எழுத்து இருக்கு. அப்பா ஒண்ணும் ஏசல. "தாத்தா இதப் பாத்திருந்தா ஒன்னைய வெட்டிப் போட்ருப்பாரு"ன்னு மட்டும் சொன்னார்.

அதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால மலையக ஆட்கள் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனது எல்லாருக்கும் தெரியும். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்து வச்சு, 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரிச்சாங்க. அந்தக் காலத்தில் எங்க வீட்டில் ஒரு ட்ரங்குப் பெட்டி முழுக்கக் கடதாசி. தாத்தாவின் பேர் ஆங்கிலத்தில் ஒரு கடதாசியில் கே-யில் தொடங்குது, இன்னொண்டில் சி-யில் தொடங்குது. எழுதினவன் யாரோ, அவன் காதில் எப்படிக் கேட்டுச்சோ. இது ரெண்டும் ஒரே ஆள்தானா என்று ஒரு கந்தோரில் கேட்டாங்களாம். அதை நிரூபிக்க மூணு தடவை வேலையை விட்டுட்டு அலைஞ்சிருக்கிறார். பேர் போட்டா பேர் சம்பளம் இல்ல, அது வேற. அந்த மனுசன் கொப்பியில் ஒருத்தர் பேரை எழுதும்போது, உங்க கார்டில் எப்படி இருக்கு என்று கேட்டு, கார்டை வாங்கிப் பார்த்துத்தான் எழுதுவாராம். லெட்சுமின்னு இருந்தா லெட்சுமி. கார்டில் இருக்கிற பிழையும் பிழையாகவே. டைப் பண்ணின பிறகு கடையில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாப் பார்த்தார் என்று அப்பா சொன்னார்.

அவ்வளவு பார்த்து வச்சதை நான் மூணு வரியில் மாத்தினேன். அதுவும் சரியான தமிழ் என்ற பேரில். அதுதான் எனக்கு ரொம்ப உறுத்தினது. ஒரு எழுத்தைப் பிழை என்று முடிவெடுக்க நான் யார்?

திரும்பி வந்து மூணு நாள் அந்த ஃபைலைத் திறக்கல. நாலாம் நாள் லீவு, குன்றுக்குப் போனேன். இங்க வேலை செய்றவன் குன்று ஏற மாட்டான், வருசத்துக்கு ஒருக்கா ஏறினா அதிசயம். பாதி உயரத்தில் ஓவியங்களைத் தாண்டினதும் அந்தக் கண்ணாடிச் சுவர். 477 முதல் 495 வரைக்கும் ஆண்ட காசியப்பன் காலத்துச் சுவர், மினுங்குற சாந்து பூசினது. அவன் செத்த பிறகு, முக்கியமா எட்டாம் நூற்றாண்டில் இருந்து பத்தாம் நூற்றாண்டு வரை, ஏறி வந்த சனங்கள் ஓவியப் பெண்களைப் பார்த்துட்டுச் சுவரில் பாட்டுக் கீறிட்டுப் போயிருக்குதுகள். பலபேர் தங்கட பேரையும் சேர்த்துக் கீறியிருக்கிறாங்க. ஒருத்தன் கீறினதுக்கு மேல இன்னொருத்தன், அதுக்கும் மேல இன்னொருத்தன். செனரத் பரணவிதான வருசக்கணக்கா அந்தக் கீறல்களுக்குள்ள இருந்து எழுத்தைப் பிரிச்சு எடுத்து, 685 பாடல்களை 1956 இல் ரெண்டு பாகமா வெளியிட்டார். நான் நின்ன இடத்தில் இருந்து பார்த்தா ஒரு எழுத்தும் தெரியாது. பழுப்பு நிறத்தில் தலைமயிர் மாதிரி கோடுகள்.

இதே சுவரில் 2015 இல் ஒரு தமிழ்ப் பெண் தன்னுடைய பேரைக் கீறினதுக்கு ரெண்டு வருசச் சிறை விதிச்சாங்க. பிறகு ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்து விடுதலை ஆனாள். அந்த நேரம் வீட்டில் இதைப் பற்றியே பேச்சு. ஆயிரம் வருசத்துக்கு முந்திக் கீறினவன் கவிஞன், இப்போ கீறினா குற்றவாளி என்று பகிடி பண்ணினவங்களும் இருந்தாங்க. பழைய எழுத்துக்கு மேல புதுசா ஒரு கீறல் விழுந்தா பழசு போனதுதான், அதுவும் உண்மை. அந்தத் தண்டனை அதிகம் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். ஆனா அந்தச் சுவருக்கு முன்னால நிக்கும்போது எனக்கு அவளைக் குறை சொல்ல வாய் வரல. அவள் கீறினது ஒரு பேர். நான் கீறினது தோட்டம் முழுக்க.

கல்வெட்டு வாசிக்கிறவங்களிடம் ஒரு பழக்கம் இருக்கு. தேஞ்சு போன எழுத்தை ஊகிச்சுப் போட்டா, அதை அடைப்புக்குறிக்குள் போடுவாங்க. கல்லில் இருப்பது எது, நான் சொல்றது எது என்று வாசிக்கிறவனுக்குத் தெரியணும். கல்லைத் தொட மாட்டாங்க.

ராத்திரி டைப் கடை ஃபைலைத் திரும்ப எடுத்தேன். நல்ல காலத்துக்கு பாமினி மூலம் அப்பாவின் பென் டிரைவில் இருந்தது. இந்தத் தடவை மூணு நிரலும் அப்படியே. அவற்றுக்குப் பக்கத்தில் நாலாவதா ஒரு நிரல், மெஷினுக்கு மட்டும். அதில் எல்லாத்தையும் மாத்தலாம்: று எல்லாம் ரு, லெ எல்லாம் ல, கொம்பு கால் எல்லாம் ஒரே முறை, இடைவெளி எல்லாம் போகட்டும். தேடும்போது அந்த நிரலில் தேடு, காட்டும்போது முதல் நிரலைக் காட்டு. யாராவது கறுப்பாயி என்று தட்டினாலும் கருப்பாயி வருவா, ஆனா கருப்பாயியாகவே வருவா. ∪ போடவே இல்ல. ஒரே மாதிரி ரெண்டு வந்தா, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சு எனக்குக் காட்டுன்னு மட்டும் எழுதினேன். பதினேழு சோடி வந்தது. அதுகளை மெஷின் முடிவெடுக்க ஏலாது. அப்பாயிக்கு போன் போட்டு ஒவ்வொண்ணாக் கேட்டேன். நாலு சோடி ஒரே ஆள், பத்துச் சோடி வேற வேற ஆள். மூணுக்கு அப்பாயிக்கும் ஞாபகம் இல்ல. அதை அப்படியே விட்டேன்.

முதல் நிரலில் நான் கை வச்சது ரெண்டே இடத்தில்: எச் கட்டையால் வந்த காலும், நான் சோம்பல்பட்ட பொ-வும். அதையும் ரொம்ப நேரம் யோசிச்சேன். டைப் கடை அக்கா 'ரி' என்று காட்டத்தான் எச் தட்டினாங்க, தாத்தா கடதாசியில் 'ரி' என்று பார்த்துத்தான் தலையாட்டினார். ரெண்டு பேருமே கண்டது ர. கால் என்பது மாற்றியில் வந்தது.

மேட்டு லயத்துப் பொன்னம்மாவுக்கு நேரே குறிப்பு நிரலில் 'இந்தியா, கூடலூா்' என்று இருந்தது. அதை 'கூடலூர்' ஆக்கினேன். நீலகிரிப் பக்கத்துக் கூடலூர், அங்க இருந்து ரெண்டு கடிதம் வந்ததா அப்பாயி சொல்றாங்க, ட்ரங்குப் பெட்டியில் இருக்கணுமாம். பழைய கொப்பியும் அதுக்குள்ளதான். முதல் பக்கங்களைக் கரையான் தின்னுட்டுதுன்னு அப்பா சொல்றார், எவ்வளவு மிச்சம் இருக்குன்னு யாரும் திறந்து பார்க்கல. அடுத்த போயாவுக்கு லீவு கேட்டிருக்கேன்.